ஒலி என்னும் அமானிதம்

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளைக் கூட்டாமலும் குறைக்காமலும் உரியவரிடம் சேர்ப்பித்தலை அமானிதம் பேணுதல் என்கிறோம். இச்சொல் பொன்னுக்கும் பணத்துக்கும் மட்டுமா உரியது? என்றோ ஒருநாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருவர் பாடிய பாட்டு, ஆண்டுகள் பல கடந்து, நம் இல்லத்துக் கணிப்பொறியின் வழியே நம் செவியை வந்தடைகிறது. அப்பாட்டும் ஓர் அமானிதமே. அதனைச் சேமித்து வைத்திருப்பது ஒரு கோப்பு. அக்கோப்பைத் திறந்து படித்து ஒலிக்கருவியிடம் ஒப்படைப்பது ஒரு மென்பொருள். அம்மென்பொருளைத்தான் 'பிளேயர்' என்று வழங்குகிறோம்.

இத்தகைய பிளேயர்கள் இன்று எண்ணற்றவை. விலையின்றிக் கிடைப்பனவும் உண்டு. ஆண்டுதோறும் சந்தா கேட்பனவும் உண்டு. தம்முடைய பிளேயரில் கேட்டால் இசை தெளிவும் ஆழமும் பெறும் என்று உரைப்பாரும் உளர். எல்லாம் ஒன்றே என்று மறுப்பாரும் உளர். மிகு தரத்தில் இசை கேட்க விழைவோர் எதை நம்புவது? எதற்குப் பணம் கொடுப்பது? விளம்பரங்களைப் புரட்டுவதைவிட, இம்மென்பொருள்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றைப் புரட்டினால் இதற்குத் தெளிவான விடை கிடைக்கும் என்பது நம் துணிபு.

பக்தாதின் தானியங்கிக் குழல்

தானே இசைக்கும் கருவி வேண்டும் என்னும் ஆசை இந்நூற்றாண்டில் பிறந்ததன்று. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களான முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய மூவரும் பொறிக்கலையில் வல்லவர்கள். தானே ஊதும் குழல் ஒன்றின் அமைப்பை அவர்கள் ஓர் ஏட்டில் விவரித்துள்ளனர். நீரின் விசையால் காற்று குழலுக்குள் செலுத்தப்படும். முளைகள் பதித்த உருளை ஒன்று மெல்லச் சுழலும். அம்முளைகள் நெம்புகோல்களை அசைக்க, குழலின் துளைகள் முறைப்படி திறந்து மூடும். ஊதுவார் ஒருவருமின்றி இசை பிறக்கும்.

இக்கருவியை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இசை எங்கே இருக்கிறது? முளைகளின் வரிசையில் இருக்கிறது. அவ்வரிசையை வெளிக்கொணர்வதே சுழற்றும் பொறியின் வேலை. இன்றைய கோப்பு அந்த முளை வரிசை போன்றது. பிளேயர் அந்தப் பொறி போன்றது. பொறி முளைகளைச் சரியாகத் தொட்டுச் செல்லுமாயின் இசை பிழைபடாது. இவ்வுவமையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஒலி எண்ணான கதை

1877-இல் எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டறிந்த நாள் முதல், ஒலி என்பது ஒரு பொருளின்மேல் கீறப்பட்ட தடமாகவே இருந்து வந்தது. இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி ஓடும்போதெல்லாம் பள்ளம் சிறிது தேயும். ஒலிநாடாவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும்போதெல்லாம் இரைச்சல் சிறிது கூடும். படியின் படியோ மூலத்தினும் மங்கியே தீரும்.

இத்தேய்வுக்கு மாற்று ஒன்றைத் தந்தவர் ஆங்கிலேயப் பொறியியலாளர் அலெக் ரீவ்ஸ். ஒலியலையைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து, அவ்வளவுகளை எண்களாக அனுப்பும் முறையை அவர் 1937-இல் வகுத்தார். எத்தனை விரைவாக அளந்தால் அலையை முழுமையாக மீட்கலாம் என்பதற்கான கணிதத்தை 1928-இல் நைக்விஸ்டும் 1949-இல் ஷானனும் விளக்கினர். ஓர் அலையின் மிகுந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் விரைவாக அளந்தால் போதும் என்பதே அதன் சாரம். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். வயது ஏற ஏற அவ்வெல்லையும் குறையும்.

இந்த அடிப்படையில் ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து உருவாக்கிய குறுந்தகடு 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 பிட் நீளமுள்ளது. இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இரு தடங்கள். ஆகவே நொடிக்கு 14,11,200 பிட்டுகள் ஓடுகின்றன.

எண்ணைப் படியெடுத்தால் அது தேய்வதில்லை. ஏழைப் பார்த்து ஏழு என்று எழுதுவோர் எத்தனை பேராயினும் ஏழு ஏழே. அப்படியாயின் கணிப்பொறியில் ஒலிக்கும் இசை எந்தப் பிளேயரிலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அமானிதம் குலையக்கூடிய இடங்கள் சில உண்டு. வரலாறு அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது.

முதல் இழப்பு: சுருக்கியபோது

1990-களின் நடுவில் இல்லங்களுக்கு வந்த இணைய இணைப்பு, தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 28,800 பிட்டுகளைக் கொண்டுவருவதாக இருந்தது. குறுந்தகட்டிலுள்ள நான்கு நிமிடப் பாட்டொன்றை அவ்வழியே கொணர மூன்று மணி நேரத்துக்கும் மேலாகும். இந்நிலையில் கைகொடுத்தது எம்பி3 என்னும் முறை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதனை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டனர். பேரொலி ஒன்று ஒலிக்கையில் அதன் அருகிலுள்ள மெல்லொலி செவிக்கு எட்டாது என்பது உடலியல் உண்மை. எட்டாத பகுதியைக் கணக்கிட்டு நீக்கிவிட்டால் கோப்பு சுருங்கும். நொடிக்கு 1,28,000 பிட் என்னும் அளவில் அமைந்த எம்பி3 கோப்பு, மூலத்தில் 11-இல் ஒரு பங்கே. மூன்று மணி நேரம் 18 நிமிடமாயிற்று.

1995-இல் இவ்வகைக் கோப்புகளுக்கு எம்பி3 என்னும் பெயர்ப் பின்னொட்டு சூட்டப்பட்டது. அவ்வாண்டே வின்பிளே3 என்னும் பிளேயர் விண்டோஸ் கணிப்பொறிகளுக்கு வந்தது. 1997-இல் ஜஸ்டின் ஃபிராங்கல், திமித்ரி போல்திரெவ் என்னும் இளைஞர் இருவர் வினாம்பை வெளியிட்டனர். சிறிய உருவம், எளிய இயக்கம், விரும்பியவாறு மாற்றிக்கொள்ளும் முகத்தோற்றம் ஆகியவற்றால் அது உலகெங்கும் பரவியது. 1999-இல் ஏ.ஓ.எல். நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் 2001-இல் வெளிவந்தது.

அந்நாளில் வினாம்பில் கேட்ட பலர், கணிப்பொறி இசை மட்டமானது என்று முடிவு கட்டினர். அவர்கள் கேட்ட குறை பெரும்பாலும் பிளேயரின் குறையன்று, கோப்பின் குறை. அவசரமாகவும் அளவுக்கு மீறியும் சுருக்கப்பட்ட கோப்பிலிருந்து நீங்கிய ஒலியை எந்தப் பிளேயராலும் மீட்க இயலாது. கவரில் பாதிக் கடிதத்தை இட்டு அனுப்பிவிட்டுத் தபால்காரரை நொந்து பயன் என்ன?

இதற்கு மருந்து விரைவிலேயே வந்தது. ஜோஷ் கோல்சன் என்பார் 2000-இல் தொடங்கி 2001-இல் முதற் பதிப்பை முடித்த ஃபிளாக் என்னும் முறை, ஒரு பிட்டையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குகிறது. பல இசைகளில் மூலத்தின் பாதியளவுக்கு, அல்லது அதற்குச் சற்று மேலாகக் கோப்பு குறையும். விரித்தால் மூலம் அப்படியே திரும்பும். குறுந்தகட்டிலிருந்து பிழையின்றி இசையைப் பெயர்த்தெடுக்க ஆந்திரே வீத்ஹோஃப் என்பாரின் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருள் 1998 முதலே கிடைத்தது. ஆகவே மிகு தரம் நாடுவோரின் முதற் கடமை பிளேயரை மாற்றுவதன்று, கோப்பைச் சீர்செய்வது.

இரண்டாம் இழப்பு: கணிப்பொறிக்குள்ளே

கோப்பு முழுமையானதாகவே இருக்கட்டும். பிளேயர் அதனை நேரே ஒலிக்கருவியிடம் கொடுக்கிறதா? பெரும்பாலும் இல்லை. ஒரு கணிப்பொறியில் ஒரே வேளையில் பல ஒலிகள் எழலாம். பாட்டு ஓடுகையில் கடிதம் வந்ததை அறிவிக்கும் மணியும் ஒலிக்க வேண்டும். இவற்றைக் கலந்து தர விண்டோஸ் முதலிய இயக்க அமைப்புகளுக்குள் கலவைப் பகுதி ஒன்று உண்டு. ஒலிகளைக் கலக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே அளவை விரைவுக்குக் கொணர வேண்டும். 1990-களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் வந்த ஒலி அட்டைகள் பல, நொடிக்கு 48,000 என்னும் விரைவையே தமக்கு அடிப்படையாகக் கொண்டிருந்தன. குறுந்தகட்டின் 44,100 வழியிலேயே 48,000 ஆக மாற்றப்பட்டது. மாற்றும் கணக்கு செம்மையற்றதாயின் ஒலியும் சிறிது கெடும்.

பிளேயர்களுக்கிடையே உண்மையான வேறுபாடு தோன்றிய இடம் இதுவே. ஒலிப்பதிவுக் கூடங்களின் தேவைக்காக ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் ஏசியோ என்னும் நேர்வழியை அமைத்திருந்தது. அது விண்டோஸின் கலவைப் பகுதியைத் தொடாமல் ஒலிக்கருவியைச் சென்றடையும். வீட்டில் இசை கேட்போரும் அதனை நாடினர். 2007-இல் பொதுமக்களுக்கு விற்பனையான விண்டோஸ் விஸ்டாவில் வசாபி என்னும் புதிய வழி வந்தது. அதன் தனியுரிமை முறையில் பிளேயர் ஒலிக்கருவியைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ளும். மற்ற ஒலிகள் அவ்வேளையில் நுழைய முடியாது. லினக்ஸில் ஆல்சா வழியாகவும் மேக்கில் அதற்குரிய வழியாகவும் இதனையே செய்யலாம்.

இவ்வழியில் செல்லும் எண்கள் கோப்பில் உள்ளவாறே ஒன்றும் மாறாமல் ஒலிக்கருவியை அடைகின்றன. இதனைப் 'பிட் பிசகாமை' எனலாம். பிளேயர் பேண வேண்டிய அமானிதம் இதுவே. இதைச் செய்யும் பிளேயர்கள் இரண்டை ஒப்பிட்டால், இரண்டும் அனுப்புவது ஒரே எண் வரிசை. வரிசை ஒன்றாயின் ஒன்றில் ஆழமும் மற்றதில் தெளிவும் எங்கிருந்து வரும்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய இயக்க அமைப்புகளின் மாற்றக் கணக்குகள் மிகவும் நுட்பமானவை. கலவைப் பகுதி வழியே சென்றாலும் வேறுபாடு பெரும்பாலும் செவிக்கு எட்டுவதில்லை.

மூன்றாம் இழப்பு: நம் செவியில்

ஈண்டு ஒருவரின் நேர்மையைக் குறிப்பிடாமல் செல்லலாகாது. நல்சாஃப்ட் நிறுவனத்துக்காகப் பணியாற்றியிருந்த போலந்து நாட்டுப் பியோத்தர் பாவ்லோவ்ஸ்கி 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் ஃபூபார்2000 என்னும் பிளேயரை வெளியிட்டார். அலங்காரம் அற்றது, கனமற்றது, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே இடைவெளி விழாமல் இசைப்பது. மிகு தரம் நாடுவோர் அதனைக் கொண்டாடினர். தம் பிளேயர் மற்றவற்றைவிட இனிமையாக ஒலிக்கிறதா என்னும் வினாவுக்கு அவருடைய அதிகாரபூர்வ விளக்கப் பக்கமே இல்லை என்று விடையளிக்கிறது. பிளேயர்களிடையே கேட்பதாக மக்கள் கூறும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை மனத்தின் எதிர்பார்ப்பால் எழுபவை என்றும் அது விளக்குகிறது. தன் சரக்கைப் புகழ வாய்ப்பிருந்தும் உண்மையை உரைக்கும் கடை எத்தனை?

எதிர்பார்ப்பு செவியை ஏமாற்றும் என்பது ஏளனமன்று, மனித இயல்பு. விலை கொடுத்து வாங்கியது இனிக்கும். சற்றே உரத்து ஒலிப்பது தரமானதாகத் தோன்றும். ஒரு டெசிபலுக்கும் குறைந்த ஏற்றமே இதற்குப் போதும். ஆகவே நேர்மையான ஒப்பீட்டுக்கு ஒரு முறை வகுக்கப்பட்டது. 1950-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் ஆகியோர் விவரித்த முறையிலிருந்து வளர்ந்து, 1982-இல் டேவிட் கிளார்க் என்பாரால் ஒலியியலாரிடையே நிலைநாட்டப்பட்டது அது. முதலாவது ஒலி ஒன்று. இரண்டாவது ஒலி ஒன்று. மூன்றாவதாக மறைத்து வைக்கப்பட்ட ஒலி ஒன்று. மறைந்திருப்பது முதலாவதா இரண்டாவதா என்று செவியால் மட்டும் அறிந்து சொல்ல வேண்டும். 16 முறை முயன்று 12 முறையேனும் சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நேர்வதற்கான வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. அப்போது வேறுபாடு மெய்யாகவே கேட்கிறது எனக் கொள்ளலாம். இச்சோதனையை நடத்துவதற்கான துணைப்பகுதியும் ஃபூபாருக்கு விலையின்றிக் கிடைக்கிறது.

24 பிட், நொடிக்கு 96,000 அல்லது 1,92,000 அளவு என்றெல்லாம் விற்கப்படும் உயர்தரக் கோப்புகளும் இந்த உரைகல்லில் உரசப்பட்டன. 2007-இல் மேயர், மோரன் ஆகிய இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயர்தரத் தட்டின் ஒலியை ஒரு பக்கமும், அதே ஒலியைக் குறுந்தகட்டின் தரத்துக்குக் குறைத்து மறுபக்கமும் வைத்துக் கேட்கச் செய்தனர். 554 முறை கேட்டதில் 276 முறையே சரியான விடை வந்தது, அதாவது 49.8 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்த்தாலும் இவ்வளவு கிடைக்கும். 2016-இல் லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ், 18 ஆய்வுகளில் அடங்கிய 12,500-க்கு மேற்பட்ட முயற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்தார். சரியான விடை 52.3 விழுக்காடு என்று கண்டார். பயிற்சி பெற்றோரிடம் அது கூடுதல் என்றும் அவர் கண்டார். வேறுபாடு அறவே இல்லை என்பதற்கில்லை. இருப்பின் அது மிகச் சிறிது என்பதே இவ்விரண்டும் சேர்ந்து தரும் பாடம்.

எதைக் கொண்டு ஒப்பிடுவது?

அப்படியாயின் பிளேயர்களை ஒப்பிடுவதே வீணா? அன்று. ஒப்பிட வேண்டிய பண்புகள் வேறு.

ஃபூபார் விலையற்றது, தன் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளச் சிறிது பொறுமை வேண்டும். பாரிஸின் எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய முயற்சியில் பிறந்து, 2001 முதல் கட்டற்ற உரிமத்தில் வழங்கப்படும் வி.எல்.சி., எவ்வகைக் கோப்பையும் மறுக்காமல் இயக்கும். ஆயினும் ஆயிரக்கணக்கான பாடல்களை வகைப்படுத்திப் பேணுவதில் அது தேர்ந்ததன்று. ஜே ரிவர் மீடியா சென்டர் விலை கொடுத்து வாங்குவது. பெரிய நூலகத்தைக் கட்டியாளவும், அறையின் எதிரொலிக்கேற்ப ஒலியைத் திருத்தவும் வசதி தருவது. 2015-இல் வந்த ரூன், பாடியவர், இசையமைத்தவர், உடன் வாசித்தவர் என்னும் உறவுகளை இணைத்து ஒரு நூலகத்தையே நம் முன் விரிக்கிறது. வீட்டின் பல அறைகளுக்கும் இசையை அனுப்புகிறது. அதற்கேற்ப விலையும் மிகுதி. 2023-இல் ஹார்மன் நிறுவனம் அதனை வாங்கியது. லினக்ஸில் இயங்கும் எம்.பி.டி. என்பதற்கு முகமே இல்லை. உள்ளங்கையளவுக் கணிப்பொறி ஒன்றில் அமைதியாக இருந்துகொண்டு, நம் கைப்பேசியின் ஆணைக்குப் பணிந்து இசைக்கும்.

இவற்றுக்குக் கொடுக்கும் பணம் ஒலியின் இனிமைக்கான விலையன்று. வசதிக்கும் ஒழுங்குக்குமான விலை. அவ்வசதி நமக்கு வேண்டுமாயின் கொடுப்பதில் தவறில்லை. அறைக்கேற்ற திருத்தம் போன்றவை ஒலியை மெய்யாகவே மாற்றுகின்றன. ஆனால் அது உடையவர் அறிந்து இசைந்து செய்யும் மாற்றம். கேளாமல் செய்யும் கலப்படத்தோடு அதனை ஒன்றாக எண்ணலாகாது. இனிமையே நோக்கமாயின், கையிலுள்ள பணத்தை நல்லதொரு ஹெட்ஃபோனுக்கோ ஒலிபெருக்கிக்கோ செலவிடுவது மேல். மின்னலை காற்றலையாக மாறும் அவ்விடத்தில்தான் கருவிக்குக் கருவி உள்ள வேறுபாடு எவர் செவிக்கும் எளிதில் எட்டுகிறது.

காலம் என்னும் நான்காம் இழப்பு

மேற்சொன்ன மூன்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் பயன்படுத்திய வினாம்பை நிறுத்தப்போவதாக 2013-இல் ஏ.ஓ.எல். அறிவித்தது, வேறொரு நிறுவனம் 2014-இல் வாங்கியதால் அது பிழைத்தது. ஐடியூன்ஸை 2019-இல் மேக் கணிப்பொறிகளிலிருந்து ஆப்பிள் விலக்கி வேறொன்றை வைத்தது. இன்னும் கொடியது பூட்டிய கோப்புகளின் கதை. பணம் கொடுத்து வாங்கிய பாட்டைத் திறக்கவும் விற்றவரின் கணிப்பொறி அனுமதிக்க வேண்டும் என்னும் முறை ஒரு காலத்தில் பரவியிருந்தது. 2008-இல் மைக்ரோசாஃப்ட் தன் எம்.எஸ்.என். மியூசிக் கடையில் வாங்கிய பாடல்களுக்கு அவ்வனுமதி வழங்குவதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வாங்கியோர் கொதித்தெழுந்த பின்னரே கெடு நீட்டிக்கப்பட்டது. பொருள் நம் வீட்டில்; திறவுகோல் பிறர் கையில். அதனை உடைமை என்று சொல்ல வாய் வருமா?

ஃபிளாக்குக்கு இத்தளை இல்லை. எவரும் அதன் இலக்கணத்தைப் படிக்கலாம். எவரும் அதற்குப் பிளேயர் எழுதலாம். 2003 முதல் ஸிஃப் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பின் அரவணைப்பில் உள்ள அதன் இலக்கணம், 2024 டிசம்பரில் இணைய நெறிமுறை ஆவணங்களின் வரிசையில் 9639 என்னும் எண்ணுடன் பொதுத் தரமாக வெளியாயிற்று. இன்றைய பிளேயர்கள் அனைத்தும் மறைந்தாலும் அவ்வாவணத்தைக் கையில் கொண்ட ஒருவர் நாளை புதியதொன்றை எழுதிவிட முடியும். பிளேயரினும் கோப்பின் வடிவே முதன்மையானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இது எட்ட இருந்து பேசும் செய்தியன்று. நாகூர் இ. எம். ஹனீபா அவர்களின் பாடல்கள், பெரியோரின் சொற்பொழிவுகள், திருமண வீட்டில் பதிவான பாட்டனார் குரல் என நம் குடும்பங்களின் அலமாரிகளில் எத்தனையோ ஒலிநாடாக்கள் உறங்குகின்றன. நாடாவின் பூச்சு உதிர்வதற்குக் காலம் நம்மிடம் உத்தரவு கேட்பதில்லை. அவற்றைக் கணிப்பொறிக்கு மாற்றுவோர், இடம் மிச்சம் என்று கருதிச் சிறிய எம்பி3 கோப்பாக மட்டும் வைத்து மூலத்தைத் தூக்கியெறிதல் ஆகாது. இழப்பற்ற கோப்பாக முதலில் சேமித்து, இரண்டு இடங்களில் படி வைத்து, கைப்பேசியில் கேட்பதற்கு வேண்டுமானால் சிறு கோப்பொன்றைத் தனியே எடுத்துக்கொள்ளலாம். பெரியதிலிருந்து சிறியதை என்றும் எடுக்கலாம். சிறியதிலிருந்து பெரியதை என்றும் பெற முடியாது.

எந்தப் பிளேயர் சிறந்தது என்னும் வினாவுக்கு வரலாறு தரும் விடை எளியது. ஒப்படைத்ததை ஒப்படைத்தவாறே கொண்டு சேர்ப்பது எதுவோ, அது போதும். அத்தகையவை பல உண்டு, விலையின்றியும் உண்டு. அவற்றுள் நம் கைக்குப் பழகியதைத் தேர்ந்துகொள்வோம். ஆனால் பிளேயர் காப்பது அது இசைக்கும் சில நிமிடங்களுக்கு உரிய அமானிதத்தை. நம் பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் கேட்கவேண்டிய குரல்களைக் கெடாமல் காத்துக் கொடுப்பது நம் பொறுப்பு. அதனை எந்த மென்பொருளும் நமக்காக ஏற்றுக்கொள்ளாது.